நிறம் கேட்கும் வோல்ட்

1982-இல் வெளிவந்த 'பிளேடு ரன்னர்' படத்தில், ஓயாமல் மழை பெய்யும் லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்களில் மக்கள் தண்டு ஒளிரும் குடைகளோடு நடமாடுவார்கள். அன்று அது எதிர்காலக் கற்பனை. இன்று ஒரு பழைய குடையும் சில எல்இடிகளும் இருந்தால் அப்படியொன்றை வீட்டிலேயே செய்துவிடலாம்.

எட்டுக் கம்பிக் குடை என்றால் கம்பிக்கு ஒரு வெள்ளை எல்இடி. ஒயரைக் கம்பியோடு சேர்த்துக் கட்டித் தண்டு வழியாகக் கைப்பிடிவரை இறக்கினால், அங்கே ஸ்விட்சும் பேட்டரியும். எத்தனை செல் போடுவது என்ற கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. 1.5 வோல்ட் செல் இரண்டு போட்டால் சிவப்பு எல்இடி நன்றாக எரியும். வெள்ளையோ மங்கலாகத்தான் எரியும். அதற்கு மூன்று செல் வேண்டும்.

ஏன்? எல்இடிக்குள் சூடேறி ஒளிரும் இழை கிடையாது. இருப்பது ஒரு குறைகடத்திச் சில்லு. அதில் எலெக்ட்ரான் உயர்ந்த ஆற்றல் நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கு இறங்கும்போது, இழக்கும் ஆற்றல் ஒளியாகிறது. இறக்கம் சிறிதென்றால் சிவப்பு, பெரிதென்றால் நீலம். எலெக்ட்ரானை அந்த உயரத்துக்கு ஏற்றிவிடுவது பேட்டரியின் வேலை. அதனால்தான் சிவப்புக்குச் சுமார் 2 வோல்ட் போதும். நீலத்துக்குச் சுமார் 3 வோல்ட் தேவை.

வெள்ளை எல்இடியும் உள்ளுக்குள் நீலம்தான். சில்லின் மேல் பூசிய பொருள் நீல ஒளியில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை நிக் ஹோலன்யாக் 1962-இலேயே உருவாக்கிவிட்டார். பிரகாசமான நீலத்துக்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அதற்கேற்ற தரமான காலியம் நைட்ரைடு படிகத்தை வளர்ப்பது அவ்வளவு கடினம். அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

மூன்று செல் சேர்ந்தால் 4.5 வோல்ட், 1.5 வோல்ட் மிச்சம். எல்இடிக்குத் தன்னைக் கட்டுப்படுத்தத் தெரியாது. வோல்ட் சற்றே கூடினாலும் மின்னோட்டம் எகிறிச் சில்லு கருகிவிடும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெசிஸ்டர் வேண்டும். 20 மில்லியாம்பியர் போதுமென்றால், 1.5-ஐ 0.02-ஆல் வகுக்க 75 ஓம். எட்டும் சேர்ந்து 160 மில்லியாம்பியர் இழுக்கும். 2000 மில்லியாம்பியர்-மணி செல்கள் கணக்குப்படி சுமார் 12 மணி நேரம் தாங்கும். அவை தளரத் தளர ஒளியும் மங்கும்.

குடைக்கம்பி உலோகம். பற்றவைத்த இடம் மூடாமல் அதில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும். ஒவ்வொரு இணைப்பையும் சூட்டில் சுருங்கும் உறையால் மூட வேண்டும். மழைநீர் புகுந்து மின்னோட்டமும் சேர்ந்தால் செம்பு பச்சை பூத்து அரித்துவிடும். ஒற்றை இழை ஒயர் குடையை மடக்கி விரிப்பதிலேயே முறிந்துபோகும். பல இழை ஒயரே தாங்கும். வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் துணியைப் பார்த்திருக்கட்டும். இரவில் கண் கூசினால் பாதை தெரியாது.

மல்டிமீட்டர் இருந்தால், எரிந்துகொண்டிருக்கும் சிவப்பு எல்இடியின் இரு கால்களிலும் வைத்துப் பாருங்கள். பிறகு நீலத்தில் வையுங்கள். இரண்டுக்கும் உள்ள அந்தச் சுமார் ஒரு வோல்ட் வித்தியாசம், சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள ஆற்றல் வித்தியாசத்தைத்தான் ஏறக்குறையக் காட்டுகிறது. அணுவுலகின் விதியொன்றை உங்கள் மேசையிலேயே அளந்துவிட்டீர்கள்.