“சர்வர் வேலை செய்யலீங்க, நாளைக்கு வாங்க!”
கல்வராயன் மலைக்காரர்களை அலைய வைக்கும் கோளாறு: எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கள்ளக்குறிச்சி,

இ-சேவை மையத்தில் கால் கடுக்க நின்றவர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான பதில் ஒன்று உண்டு. “சர்வர் வேலை செய்யலீங்க. நாளைக்கு வந்து பாருங்க.”

கள்ளக்குறிச்சி டவுனில் கடை வைத்திருப்பவருக்கு அது ஒரு மணி நேர நஷ்டம். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். கல்வராயன் மலையில் இருந்து வந்தவருக்கோ ஒரு நாள் கூலி போச்சு. போக வர பஸ் காசும் போச்சு. கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறி வெள்ளிமலை போய், அங்கிருந்து உள் கிராமத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு “நாளைக்கு வாங்க” என்பது லேசான சொல் அல்ல.

அதிலும் காலேஜ் சேரும் நேரத்தில் கேட்கவே வேண்டாம். மலையாளி பழங்குடி வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ்தான் எல்லாம். அந்தச் சான்றிதழைத் தாசில்தார் கொடுக்க முடியாது. கோட்டாட்சியர்தான் தர வேண்டும். மனு கம்ப்யூட்டரிலேயே ஒவ்வொரு மேஜையாக ஏறிப் போக வேண்டும். நடுவில் சர்வர் படுத்தால் மனுவும் படுத்துக்கொள்ளும். கடைசித் தேதி மட்டும் படுக்காது!

1976-ம் ஆண்டு வரை ஜாகீர்தார்கள் பிடியில் இருந்த மலை இது. 2024-ம் ஆண்டு கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, மலை மக்களின் நிலை பற்றிச் சென்னை ஐகோர்ட்டு தானாகவே வழக்கு எடுத்தது. ரேஷன் கார்டு, ஆதார் கிடைக்காதவர்கள் சங்கதியும் அதில் பேசப்பட்டது. இன்றைக்கு இந்தக் காகிதங்கள் எல்லாம் சர்வர் வழியாகத்தான் வர வேண்டி இருக்கிறது.

60 லட்சம் பேர்

படிப்பறிவு உள்ளவர்களும் பட்ட பாடு ஒன்று உண்டு. 2021-ம் ஆண்டு ஜூன் 7-ந்தேதி. கொரோனா ஊரடங்கில் கொஞ்சம் தளர்வு தந்தார்கள். கள்ளக்குறிச்சி உள்பட 27 மாவட்டங்களில் எலக்ட்ரீசியன், பிளம்பர், தச்சர் போன்றவர்கள் “இ-பதிவு” செய்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்று அறிவிப்பு. ஆட்டோ, டாக்சியில் போகவும் இ-பதிவு வேண்டும்.

பொழுது விடிந்ததும் அத்தனை பேரும் செல்போனை எடுத்தார்கள். இணையதளம் மூச்சுத் திணறி முடங்கியது! ஒரே நேரத்தில் 60 லட்சம் பேர் நுழைந்ததால் வந்த வினை என்று தகவல் தொழில்நுட்பத்துறை அமைச்சர் மனோ தங்கராஜ் விளக்கம் சொன்னார். பிழைப்புக்குப் போக அனுமதி கிடைத்தும் வாசலைத் தாண்ட முடியாமல் நின்றவர்கள் ஏராளம்.

கூட்டத்தால் சர்வர் சாய்வது ஒரு வகை. அதற்குக் காரணம் வெளிப்படை. கூட்டமே இல்லாத நாளிலும் சாய்கிறதே, அதுதான் மர்மம்.

துப்பறியும் வேலை

புதிதாக ஒரு இணையதளத்தை எழுதுகிறவர் முதலில் தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பார். அங்கே ஜோராக ஓடும். சர்வரில் ஏற்றியதும் படுத்துவிடும். “என் மிஷின்ல நல்லாத்தானே ஓடுச்சு?” என்பது உலகம் முழுவதும் இந்தத் தொழிலில் கேட்கிற புலம்பல்.

அனுபவசாலி புலம்ப மாட்டார். வெளியில் இருந்து உள்ளே ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போவார்.

முதல் கதவு, பெயர். இணையதளத்தின் பெயரைச் சொன்னால் சரியான சர்வரின் எண் கிடைக்கிறதா? 2021-ம் ஆண்டு அக்டோபர் 4-ந்தேதி பேஸ்புக், வாட்ஸ்-அப் எல்லாம் சுமார் 6 மணி நேரம் காணாமல் போனது இந்த இடத்தில்தான். பராமரிப்பு வேலையில் ஒரு தவறான கட்டளை. பெயர் சொல்லும் சர்வர்களுக்குப் போகிற வழியே உலக வரைபடத்தில் இருந்து அழிந்தது.

அடுத்தது “போர்ட்”. ஒரே சர்வரில் பல கவுண்ட்டர்கள் உண்டு. 443 என்பது பூட்டுப் போட்ட பாதுகாப்பான கவுண்ட்டர். நடுவே “பயர்வால்” என்ற காவல்காரன் ஷட்டரை இறக்கி வைத்திருந்தால் உள்ளே ஆள் இருந்தும் பயன் இல்லை. இன்னொரு வேடிக்கையும் நடக்கும். 127.0.0.1 என்பது கம்ப்யூட்டர் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும் விலாசம். புரோகிராமை அந்த விலாசத்தில் மட்டும் காது கொடுக்கும்படி வைத்துவிட்டால், வெளியே இருந்து யார் கத்தினாலும் அதற்குக் கேட்காது!

கதவுகள் சரி என்றால் “லாக்” பார்ப்பார்கள். சர்வர் நிமிடத்துக்கு நிமிடம் எழுதும் டைரி அது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு தப்பு, பைலைத் தொட அனுமதி இல்லை, பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி என்று குட்டு அங்கேதான் உடையும். சில நேரம் டைரி எழுதி எழுதியே டிஸ்க் நிரம்பிப்போய் சர்வர் நின்றுவிடுவதும் உண்டு. சாப்பாட்டுக்கணக்கு எழுதிய நோட்டே சமையல் அறையை அடைத்துக்கொண்ட கதை!

45 நிமிடத்தில் 44 கோடி டாலர்

சர்வரில் ஏற்றுகிற வேலை எவ்வளவு பொல்லாதது என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் போதும்.

நைட் கேப்பிட்டல் என்ற பெரிய பங்குச்சந்தைக் கம்பெனி. அதற்கு 8 சர்வர்கள். 2012-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந்தேதி ஓட வேண்டிய புது புரோகிராமை ஏற்றினார்கள். 7 சர்வர்களில் ஏறியது. எட்டாவதில் ஏற்ற மறந்தார்கள். இரண்டாவது ஆள் யாரும் சரிபார்க்கவில்லை.

எட்டாவது சர்வரில் பல வருடமாகப் பயன்படுத்தாத பழைய புரோகிராம் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டது. கண்மண் தெரியாமல் பங்குகளை வாங்கியது, விற்றது.

என்ன கோளாறு என்று புரியாமல் ஓடோடி வந்தவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். “புதுசுதான் தப்பு” என்று நினைத்து நல்லபடியாக ஓடிய 7 சர்வர்களில் இருந்தும் புது புரோகிராமைக் கழற்றினார்கள். அவ்வளவுதான்! ஒரு பைத்தியம் எட்டுப் பைத்தியம் ஆனது. 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். கம்பெனி கைமாறிப் போனது.

இதில் கொடுமை என்னவென்றால், அன்று காலை சந்தை திறக்கும் முன்பே கம்பெனியின் கம்ப்யூட்டர்களே 97 இ-மெயில் அனுப்பி இருந்தன. எச்சரிக்கை என்று நினைத்து யாரும் அதைப் பார்க்கவில்லை.

பழி சர்வர் தலையில்

கல்வராயன் மலைக்கு வருவோம். இங்கே பாதி நேரம் படுப்பது சர்வரே அல்ல. மலையில் செல்போன் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. லைன் போனாலும் “சர்வர் இல்லீங்க” என்று சொல்லிவிடுகிறார்கள். வெள்ளிமலையில் கேபிள் அறுந்திருக்கும். புகார் சென்னைக்குப் போகும். சென்னையில் பார்த்தால் சர்வர் சௌக்கியமாக ஓடிக்கொண்டிருக்கும். புகாரை மூடிவிடுவார்கள். மனு கொடுத்தவர் நடுவில் நிற்பார்.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். அதே கம்ப்யூட்டரில் வேறு இணையதளம் திறக்கிறதா? எதுவுமே திறக்கவில்லை என்றால் கோளாறு உள்ளூர் லைனில். மற்றவை திறந்து இது மட்டும் மறுத்தால் திரையில் தெரியும் எண்ணைக் கவனிக்கலாம். 404 என்றால் அந்தப் பக்கமே இல்லை. 500 என்றால் புரோகிராம் உள்ளே இடறி விழுந்திருக்கிறது. 502 என்றால் வாசல் சர்வர் விழித்திருக்கிறது, உள்ளே இருப்பவன் சரியான பதில் தரவில்லை. 503 என்றால் இப்போது தாங்க முடியவில்லை. 504 என்றால் உள்ளே இருந்து பதில் வர நேரம் கடந்துவிட்டது.

பணம் கட்டும்போது திரை நின்றுவிட்டால் பதறிப்போய் மறுபடி பொத்தானை அழுத்தக் கூடாது. பேங்கில் பணம் கழிந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். மனு எண் கையில் இருந்தால் மனு எந்த மேஜையில் நிற்கிறது என்று இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மையத்தில் இருப்பவர் “சர்வர் இல்லீங்க” என்றால், “என்ன நம்பர் காட்டுதுங்க, எத்தனை மணிக்கு?” என்று கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. “502, காலை 11-20” என்ற ஒரு வரி போதும். டைரியில் அந்த நிமிடத்தைத் தேடி எடுக்கக் கோளாறு பார்ப்பவருக்கு வழி கிடைத்துவிடும்.