சிற்பக்கலை மாணவருக்கு நிதி திரட்டுறீங்களா? இதைப் படிச்சுட்டுத் தொடங்குங்க

மாமல்லபுரத்துல 1957-ல தொடங்கின அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கு. அங்கே படிக்கிற பிள்ளைங்களுக்குக் கட்டணம் மட்டுமா செலவு? உளி, தங்குமிடம், சாப்பாடுன்னு நிறைய இருக்கு. நண்பர்கள் சேர்ந்து உதவ நினைச்சா, மூணு விஷயம் கவனிங்க.

1. அரசு உதவி: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள்ல மாதம் ₹1,000 உண்டு. அது வருதான்னு பார்த்துட்டு, மீதித் தேவைக்குத் திரட்டுங்க.

2. யார் கணக்கு: உங்க சொந்தக் கணக்குல வாங்காதீங்க. அது யார் பணம்னு நாளைக்கு நீங்கதான் விளக்கணும். மாணவர் கணக்குல நேரா போட்டா, உறவினர் அல்லாதவங்க தந்தது வருஷத்துல ₹50,000-ஐத் தாண்டினதும் முழுத்தொகையும் அவர் வருமானமா எடுத்துக்க வாய்ப்பு இருக்கு. பதிவுபெற்ற அறக்கட்டளை வழியா கல்வி உதவித்தொகையா போறதுதான் பாதுகாப்பு.

3. வரிச்சலுகை: மாணவருக்கு நேரா கொடுத்தா நன்கொடைக்கான வரிக்கழிவு கிடையாது. அந்தக் கழிவுக்கு அனுமதி உள்ள அறக்கட்டளைக்குக் கொடுத்தா, பழைய வரிமுறையில பொதுவா 50% கழிவு. அதுக்கும் உச்சவரம்பு இருக்கு. புதிய வரிமுறையில இல்லை. ₹2,000-க்கு மேல ரொக்கமா கொடுத்தாலும் இல்லை.

20% வரி வரம்புல இருக்கவர் ₹20,000 கொடுத்தா, மிச்சமாகுறது சுமார் ₹2,000தான். அதனால வரிக்காகக் கொடுக்காதீங்க. பிள்ளை படிப்பை முடிக்கணும்னு கொடுங்க. நன்கொடைச் சான்றிதழை மட்டும் மறக்காம கேட்டு வாங்கிடுங்க.