மீன் குட்டையில் மருந்துக்கு மசியாத கிருமிகள்

அரக்கோணத்தில் மீன் வாங்குபவர் செவுளைத் தூக்கிப் பார்த்தே கட்லா புதுசா பழசா என்று சொல்லிவிடுவார். அந்த மீன் ஆந்திரத்திலிருந்து லாரியில் வந்திருக்கலாம், காவேரிப்பாக்கம் பக்கத்திலேயே வளர்ந்தும் இருக்கலாம். அதன் குடலிலும் அது வளர்ந்த சேற்றிலும் இருக்கும் பாக்டீரியா எந்த ஆன்டிபயாடிக்குக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்பது மட்டும் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அதற்கு ஆய்வகம் வேண்டும்.

ஏற்றுமதி இறாலைத்தான் கறாராகச் சோதிக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே பார்ப்பது மருந்தின் எச்சத்தை. ஆக்சிடெட்ராசைக்ளின் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குளோராம்பெனிகாலும் நைட்ரோபியூரான் வகைகளும் அறவே கூடாது. மருந்தை நிறுத்திப் போதிய நாள் விட்டுப் பிடித்தால் மீனில் எச்சம் குறைந்துவிடும். மருந்தில் சாகாமல் தப்பிய பாக்டீரியாவோ குட்டையிலேயே பெருகிக்கொண்டிருக்கும். தீவனத்தில் கலந்து போடும் ஆக்சிடெட்ராசைக்ளினில் பெரும்பகுதி மீனின் உடம்பில் சேராமல் வெளியேறிச் சேற்றில் படிகிறது. மருந்தே போடாதவர் குட்டையும் தப்பும் என்று சொல்ல முடியாது. உரமாகக் கொட்டும் கோழி எருவோடு கோழிப் பண்ணையின் மருந்துக்கு மசியாத எதிர்ப்புக் கிருமிகளும் வந்து சேரும்.

இதில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது பிளாஸ்மிட். அது பாக்டீரியாவுக்குள் இருக்கும் சிறிய டி.என்.ஏ. வளையம். எதிர்ப்பு ஜீனை அதில் ஏற்றி, ஒரு பாக்டீரியா தன் இனம் அல்லாத பாக்டீரியாவுக்கும் கொடுக்க முடியும். மீனைத் தாக்கும் ஏரோமோனாஸிடம் இருப்பது, மனிதக் குடலில் வாழும் ஈ.கோலையிடம் போய்ச் சேரலாம்.

சோதனை எளிமையானதுதான். நோயுற்ற மீனின் முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக இருக்கும் சிறுநீரகத்திலிருந்து மாதிரி எடுத்து, கிருமியைத் தனியே வளர்க்கிறார்கள். அதை உப்புநீரில் கலக்கி, 4 மில்லிமீட்டர் கனத்தில் முல்லர்-ஹின்டன் அகார் ஊற்றிய தட்டில் பஞ்சுக்குச்சியால் மூன்று திசையில் தேய்த்து, மருந்து ஊறிய காகித வில்லைகளை வைக்கிறார்கள். ஒவ்வொரு வில்லையும் 6 மில்லிமீட்டர் அகலம். தட்டை வைக்கும் வெப்பம் மனிதக் கிருமி என்றால் 35 டிகிரி. மீன் கிருமிக்குப் பெரும்பாலும் 28 டிகிரி. மறுநாள் தட்டு முழுக்க வெண்படலம் படர்ந்திருக்கும். மருந்து வேலை செய்த இடத்தில் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் தெரியும். வில்லையின் விளிம்புவரை படலம் ஏறியிருந்தால் அந்த மருந்தால் பயனில்லை. வட்டத்தை அளந்து அட்டவணையோடு ஒப்பிடுவார்கள். இதற்கு அனுபவமும் வேண்டும். ஏரோமோனாஸ் இயல்பிலேயே ஆம்பிசிலினுக்கு அடங்காது. அந்த வில்லையைச் சுற்றி வட்டம் இல்லை என்பதற்காகப் பண்ணைக்காரரைக் குறை சொல்லக் கூடாது. எந்த ஜீன் என்று தெரிய வேண்டுமானால் பி.சி.ஆர். சோதனைக்குப் போக வேண்டும்.

பல சமயம் இந்தத் தட்டு வேறொரு உண்மையையும் வெளிக்கொண்டு வருகிறது: மருந்தே தேவைப்பட்டிருக்காது. 1988-இல் இந்தியாவுக்குள் வந்த கொள்ளைப் புண் நோயில் மீனின் உடம்பெல்லாம் சிவந்து குழி விழும். அதற்கு மூலகாரணம் அஃபனோமைசஸ் என்ற பூஞ்சை போன்ற உயிரி. ஆன்டிபயாடிக்கால் அதைத் தொடவும் முடியாது. புண்ணைப் பார்த்ததும் கடையில் மருந்து வாங்கித் தீவனத்தில் கலந்தால், நோய் அப்படியே இருக்கும், எதிர்ப்புக் கிருமி மட்டும் வளரும்.

நாட்டில் கண்காணிப்பு தொடங்கிவிட்டது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த ‘இன்ஃபார்’ வலையமைப்பு, 2019 முதல் 2022 வரை பண்ணை விலங்குகளிலும் மீன்களிலும் எடுத்த மாதிரிகளை வைத்து அறிக்கை தந்திருக்கிறது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளிலும் கோழி, மீன் பண்ணைகளிலும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கையும் 2019-இல் அரசு தடை செய்தது. ஆனால் குட்டை வைத்திருப்பவருக்கு வேண்டியது நாட்டின் சராசரி அல்ல. தன் குட்டையில், இந்த வாரம், எந்த மருந்து வேலை செய்யும், அல்லது மருந்தே வேண்டாமா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அதற்காக மாதிரியைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், அரக்கோணத்திலிருந்து சென்னை சுமார் 70 கிலோமீட்டர். இறாலுக்குக் காட்டும் அக்கறையை நாம் உண்ணும் கட்லாவுக்கும் காட்டி, ஒவ்வொரு தாலுகாவிலும் மாதிரி வாங்கும் இடம் ஒன்றை அரசு திறந்தே ஆக வேண்டும் என்பேன்.

மாதிரி கொண்டுபோவதிலும் முறை இருக்கிறது. செத்து மிதக்கும் மீன் உதவாது; இறந்த சில மணி நேரத்தில் குடல் பாக்டீரியா உடம்பெல்லாம் பரவி முடிவைக் குழப்பிவிடும். தள்ளாடி நீந்தும் மீனை, குஞ்சு வாங்கிவரும் அதே ஆக்சிஜன் பையில் குட்டைத் தண்ணீரோடு உயிராகக் கொண்டுபோக வேண்டும். அதுவும் மருந்து போடுவதற்கு முன்னால். மருந்து தின்ற மீனில் நோய்க்கிருமி தட்டில் முளைக்காமலே போகலாம்.