கோப்புப் பெயரும் ஒருங்குறியும்

கணினிக் கோப்பின் பெயர், இயங்குதளம் மாறும்போது இடர் தரக்கூடும். ‘கோவில்பட்டி மழைப்பதிவு: 2023’ என்னும் பெயரை லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் முக்காற்புள்ளியை ஏற்காது.

தமிழ் எழுத்துகளால் எழும் சிக்கல் இதனினும் நுட்பமானது. ஒருங்குறியில் ‘கோ’ என்பதை இருவகையில் எழுதலாம். ககரத்துடன் ஓகாரக்குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒருவகை. இரட்டைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொருவகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸுக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். மேக் கணினிகளின் எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்பு முறைமை, பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கும். அங்கிருந்து வந்த கோப்பை லினக்ஸில் பெயர் தட்டித் தேடினால் கிட்டாமற் போகலாம். கரிசல் மானாவாரி நிலத்தின் பல்லாண்டு மழைப்பதிவும் கணினியில் இருந்தும் இல்லாததாகிவிடும்.

ஆகவே, கோப்புகளை அனுப்பும் முன் விலக்கப்பட்ட குறிகளை நீக்கி, பெயர்களை ஒரே ஒருங்குறி வடிவிற்கு மாற்றுதல் வேண்டும். மாற்றிய பெயர்களின் பட்டியலையும் உடன் அனுப்புதல் நன்று.