காளையும் காற்றும்

தலைமன்னார் இறங்குதுறைக்குச் சென்றோர், ஆங்கே துருவேறி நிற்கும் பழைய இரும்பைக் கண்டிருப்பர். 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்குக் கப்பலோட்டம் தொடங்கிய துறை அது. பேணுவார் கை நீங்கியதும் உவர்க்காற்று அதனைத் தின்னத் தொடங்கிற்று. பழைய மோட்டார் வண்டிகளை அரும்பொருளாகச் சேர்ப்போருக்கும் இதுவே பெருங்கவலை. அத்தகையோர் பெரிதும் விரும்பும் இத்தாலிய வண்டிகள் இரண்டினை இன்று ஒப்புநோக்குவோம்.

ஒன்று, 1966இல் ஜெனீவாக் கண்காட்சியில் வெளிவந்த லம்போர்கினி மியூரா. மற்றது, 1971இல் அதே கண்காட்சிக்கு வந்த மசராட்டி போரா. முன்னது ஸ்பானியக் காளைகளை வளர்த்த ஒரு குடும்பத்தின் பெயரைத் தாங்கியது. பின்னது வடகிழக்கிலிருந்து வீசும் ஒரு காற்றின் பெயரைக் கொண்டது. வாடை, சோளகம், கொண்டல் எனக் காற்றுக்குப் பெயரிட்டு வாழும் நமக்கு இது புதுமையன்று.

இரண்டிலும் இயந்திரம் ஆசனங்களுக்குப் பின்னே, வண்டியின் நடுப்பகுதியில் அமைந்துள்ளது. இதன் பயன் யாது? பாரத்தை அணியத்தில் ஏற்றினால் வள்ளம் மூக்குக் குத்தும். நடுவில் வைத்தால் சமனாக மிதந்து எளிதில் திரும்பும். வண்டிக்கும் ஏறக்குறைய அதுவே நியாயம்.

மியூராவின் பன்னிரண்டு சிலிண்டர் இயந்திரம் குறுக்காகக் கிடக்கிறது. இடம் போதாமையால் இயந்திரத்துக்கும் பற்சக்கரப் பெட்டிக்கும் ஒரே எண்ணெயை வைத்தனர். இறுதியில் வந்த சிலவற்றிலேயே அவை பிரிக்கப்பட்டன. பெற்றோல் தாங்கி முன்புறம் இருப்பதால், எரிபொருள் குறையக் குறைய மூக்கு இலேசாகி, மிகு வேகத்தில் மேலெழ முயலும். இரைச்சலும் வெப்பமும் மிகுதி. எனினும் மார்செல்லோ காந்தீனி வரைந்த அதன் வடிவழகுக்கு ஈடு காண்பது அரிது. 1973 வரை ஏறக்குறைய 760 வண்டிகள் ஆக்கப்பட்டன.

போராவின் எட்டுச் சிலிண்டர் இயந்திரம் நீளவாக்கில் கிடக்கிறது. வடிவமைத்தவர் ஜியுஜாரோ. இயந்திரத்துக்கும் பயணிகளுக்கும் இடையே இரட்டைக் கண்ணாடி வைத்து இரைச்சலைத் தடுத்தனர். அந்நாளில் மசராட்டி, பிரான்சின் சிட்ரோயன் நிறுவனத்தின் வசத்தில் இருந்தமையால், அந்நிறுவனத்தின் திரவ அழுத்த முறை இவ்வண்டியின் தடைகளை இயக்கியது. மிதிகளைக் கூட ஓட்டுநரின் கால்நீளத்துக்கேற்ப நகர்த்தியது. 1978 வரை ஏறத்தாழ 560 வண்டிகளே வெளிவந்தன.

எண்ணிக்கையில் போராவே அரிது. ஆயினும் மியூராவின் விலையில் ஒரு சிறு பங்கே அதற்குக் கிடைக்கிறது. அருமை ஒன்றே விலையை ஆக்குவதில்லை. முதன்முதல் வழிகாட்டிய பெருமையும் கண்ணைக் கவரும் எழிலும் சேர்ந்தே ஆக்குகின்றன என்பதை மாணவர்கள் இதனால் அறியலாம்.

எதனைத் தேர்வது? பார்த்து மகிழ மியூரா. ஏறிச் செல்லப் போரா என்பதே நம் தீர்ப்பு. ஆனால் எதனை வாங்கினும் பூட்டி வைத்தல் ஆகாது. ஓடாத வண்டியில் இறப்பர் வெடிக்கும், திரவம் கசியும், தகட்டில் துரு புகும். போராவின் நுண்ணிய குழாய்களோ இன்னும் விரைவாகப் பழிவாங்கும்.

செல்வம் கொடுத்து ஒரு பொருளை வாங்கிவிடலாம். நாள்தோறும் கவனம் கொடுத்தே அதனைக் காக்க முடியும். நம் வீட்டு மிதிவண்டிக்கும் கரையிலுள்ள வள்ளத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும். ஐயமுள்ளோர் தலைமன்னாருக்குச் சென்று அந்த இரும்பைக் கேட்கலாம்.