மிஸ்ட் கோல் கொடுத்தால் பரிசோதனை முடிந்துவிடுமா?

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான ஒக்ரோபர் முடியப்போகிறது. "31ஆம் திகதிக்குப் பிறகு கிளினிக்கில் பார்க்க மாட்டார்களாமே?" என்று தெஹிவளை, வெள்ளவத்தை வாசகிகள் சிலர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். மாதக் கணக்கு இளஞ்சிவப்பு ரிபனுக்குத்தான். 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகள் வருடம் முழுக்க நடக்கின்றன, கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பெப் பரிசோதனை இலவசம். 35 வயதினரைத் தேடிப்பிடிப்பது திட்டத்தின் இலக்கு. 36 ஆனவரைத் திருப்பி அனுப்புவதல்ல.

போன்வழி விழிப்புணர்வுத் திட்டங்களின் அறிக்கைகளில் "விழிப்புணர்வு பெற்றோர்" என்று வந்தால் "வீடியோவைத் தட்டியவர்கள்" என்று வாசித்துக்கொள்ளுங்கள். ஆனால் மிஸ்ட் கோலில் இயங்கும் குரல்வழிச் சேவையில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பெண் மிஸ்ட் கோல் கொடுப்பார், கணினி திருப்பி எடுக்கும், அவருக்குச் செலவில்லை. "35 தாண்டிவிட்டதா? ஆமென்றால் 1ஐ அமுக்குங்கள்." பதிலுக்கேற்ப அடுத்த கேள்வி மாறும். மிட்வைஃபிடம் கேட்க வெட்கப்படுவதை இதனிடம் கேட்கலாம். முக்கியமாக, நேரத்தை அவரே தெரிவுசெய்கிறார். ரயில் பாதையோரத்து ஓரறை வீட்டில் போன் ஒன்றுதான், பகலில் அது கணவரின் சட்டைப் பையில். இதற்கு மாறாக, இந்தியாவின் 'கில்காரி' தாய்சேய் சேவையில் அழைப்பது இயந்திரம்; எடுப்பது மனைவியா கணவரா என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

உறுத்துவது அதற்குப் பிறகு நடப்பது. 1ஐ அமுக்கியதுமே கணக்கில் ஒரு "பயனாளி" கூடிவிடுவார். அவரது போன் இலக்கம் பகுதி மிட்வைஃபின் கைக்குப் போய், மிட்வைஃப் கூப்பிட்டு நாள் குறித்தால்தானே பெப் பரிசோதனை? முடிவை அறிய இன்னொரு தடவை வரவேண்டும், கூலி வேலைக்காரருக்கு இன்னொரு நாள் சம்பளம் போகும். மாறாக, தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007இல் வெளிவந்த ஆய்வில் செயலி எதுவும் இல்லை. தாதி, வினாகிரியில் உள்ள அமிலம், தேவைப்பட்டால் அன்றைக்கே குளிர்ச் சிகிச்சை. தகுதியான 49,311 பெண்களில் 31,343 பேர் பரிசோதித்துக்கொண்டார்கள். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் மரணம் 35 வீதம் குறைந்தது. குரல்வழிச் சேவையில் பெண்கள் அமுக்கிய பதில்களை யார் வைத்திருப்பார் என்பதையும் இங்கே யாராவது சொல்லவேண்டும்.

மற்றக் கேள்விகள்:

வலிக்குமா? சில நிமிட அசௌகரியம்.

கணவரின் கையெழுத்து? தேவையில்லை.

மகளுக்கு ஆறாம் வகுப்பில் எச்.பி.வி. ஊசி போட்டாயிற்றே? 2017இல் வந்த அந்த ஊசி அவளுக்கு, உங்களுக்குப் பெப்.

மார்பில் கட்டி தட்டுப்பட்டால்? கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். நாரஹேன்பிட்டியில் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டறியும் அரச நிலையம் இருக்கிறது.