இரு செயலிகளும் ஒரு திறப்பும்



ஒருவர் செய்யும் வேலையை இருவர் செய்தால் அது பாதி நேரத்தில் முடியும் என்பது நாம் சிறு வயதிற் கணக்குப் புத்தகத்திற் படித்த பாடம். நாற்று நடுவதற்கும் மதில் கட்டுவதற்கும் அந்தக் கணக்கு ஏறக்குறையப் பொருந்தும். ஆனால், ஒரே பேரேட்டில் இரு கணக்குப்பிள்ளைகள் ஒரே வேளையில் எழுதத் தொடங்கினால் நேர்வது யாது?

பேரேட்டில் 100 ரூபா இருப்பு இருக்கிறது என்று கொள்வோம். முதலாமவர் அதைப் படித்து, தம்மிடம் வந்த 10 ரூபாவை மனத்திற் கூட்டுகிறார். அதே கணத்தில் இரண்டாமவரும் 100 என்பதைப் படித்து, தம்மிடம் வந்த 20 ரூபாவைக் கூட்டுகிறார். முதலாமவர் 110 என்று எழுதிவிட்டுப் பேனாவை எடுக்கிறார். இரண்டாமவர் அதை அடித்துவிட்டு 120 என்று எழுதுகிறார். இருக்கவேண்டிய தொகையோ 130. இருவரும் நேர்மையானவர்கள், இருவர் கூட்டியதும் சரியே. எனினும் 10 ரூபா மறைந்துவிட்டது.

இரு செயலிகள் பொருத்தப்பட்ட கணினியில் எழும் சிக்கலும் இதுவே. செயலி என்பது கணினியிற் கணக்கிடும் உறுப்பு. செயலிகள் இரண்டானாலும் நினைவகம் ஒன்றுதான். அதுவே அவ்விருவருக்கும் பொதுவான பேரேடு. இன்று நம் கையிலுள்ள தொலைபேசியிற்கூட ஒரே சில்லினுள் பல செயலிகள் இருக்கின்றன. 1990களில் நிலைமை வேறு. அக்காலத்து இரட்டைச் செயலிக் கணினிகள் விலையுயர்ந்தவை. அவற்றை முழுமையாகப் பயன்படுத்தவல்ல பணிசெயல் முறைமைகளும் சிலவே. அத்தகைய பழைய பொறிகளில் லினக்ஸ் என்னும் திறந்த மூல முறைமை இரண்டாவது செயலியை எவ்வாறு வேலைக்கு அமர்த்தியது என்பதையே இன்று விளக்க விரும்புகிறேன்.

1991 ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், இன்டெல் 386 செயலி கொண்ட தம்முடைய கணினிக்காக லினக்ஸை எழுதத் தொடங்கினார். அது ஒரு செயலிக்கென்றே எழுதப்பட்டது. அதன் மூலநிரல் எவரும் படித்துத் திருத்தக்கூடியவாறு வெளியிடப்பட்டிருந்தமையால், பிற நாட்டினரும் அப்பணியிற் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர் வேல்ஸ் நாட்டின் சுவான்சியில் வாழ்ந்த அலன் கொக்ஸ். கல்டெரா என்னும் நிறுவனம் இரு பென்டியம் செயலிகளைத் தாங்கும் பலகையொன்றை நன்கொடையாக அளிக்க, 1995 இல் அவர் பல்செயலி வேலையை நடத்தினார். 1996 யூன் மாதம் வெளிவந்த லினக்ஸ் 2.0 இல் அதன் பயன் உலகுக்குக் கிடைத்தது.

அவர் கையாண்ட வழி மிக எளியது. பேரேடுகள் எல்லாவற்றையும் ஓர் அறையில் வைத்துப் பூட்டினார், திறப்பு ஒன்றே. முறைமையின் உள்ளகமாகிய கருவினுள் ஒரு வேளையில் ஒரு செயலியே புகலாம். மற்றது வாயிலிற் காத்திருக்கவேண்டும். கருவுக்கு வெளியே, பயனருடைய நிரல்களைக் கணக்கிடும்போது இரண்டும் ஒரே வேளையில் உழைக்கலாம். இதற்குப் பெருங் கருப்பூட்டு என்பது பெயர்.

இது வேகத்தைக் குறைக்காதா என்று நீங்கள் கேட்கலாம். குறைக்கும். 1967 இல் ஜீன் அம்டால் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் இதனைத் தெளிவாக்கினார். 60 நிமிட வேலையொன்றில் 30 நிமிடப் பகுதி அறையினுள் ஒருவராற் செய்யவேண்டியதாயின், எஞ்சிய 30 நிமிடத்தையே இருவர் பங்கிடலாம். ஆகவே வேலை 45 நிமிடத்தில் முடியும். 30 நிமிடத்தில் முடியாது. ஆட்களை எத்தனை பெருக்கினாலும் அந்த முதல் 30 நிமிடம் குறையாது.

அவ்வாறாயின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு பேரேட்டுக்கும் தனித்தனித் திறப்புச் செய்திருக்கலாமே? அதில் வேறோர் ஆபத்து உண்டு. முதலாமவர் ஒரு திறப்பை வைத்துக்கொண்டு இரண்டாவது திறப்புக்குக் காத்திருக்க, இரண்டாமவர் அந்தத் திறப்பை வைத்துக்கொண்டு முதலாவதற்குக் காத்திருந்தால், இருவரும் என்றென்றும் காத்திருக்கவேண்டியதுதான். கணினி உறைந்து நின்றுவிடும். ஆதலால் முதலிற் பிழையின்மையை நாடினர். வேகத்தைப் பின்னர்த் தேடினர். 1999 இல் வந்த 2.2, 2001 இல் வந்த 2.4 ஆகிய பதிப்புகளிற் சிறுசிறு பூட்டுகள் பெருகின. அந்தப் பெரும் பூட்டின் கடைசி எச்சம் 2011 மே மாதத்து 2.6.39 ஆம் பதிப்பிலேயே அகற்றப்பட்டது. ஓர் ஆண்டில் இட்ட பூட்டை அவிழ்க்கப் பதினைந்து ஆண்டுகள் சென்றன.

இனி, பழைய பொறியில் இரண்டாவது செயலி எவ்வாறு விழித்தெழுகின்றது என்று பார்ப்போம். மின்னூட்டியவுடன் ஒரு செயலியே இயங்குகின்றது, மற்றது உறங்குகின்றது. விழித்திருக்கும் செயலி, தனக்குத் துணை உண்டா என்பதை எவ்வாறு அறியும்? இன்டெல் நிறுவனம் 1994 இல் வெளியிட்ட பல்செயலி விதிமுறையின்படி, தாய்ப்பலகையின் பயோஸ் நிரல் ஓர் அட்டவணையை நினைவகத்தில் எழுதி வைக்கவேண்டும். எத்தனை செயலிகள் உள்ளன, எந்தக் கருவியின் அழைப்பு எந்தக் கம்பி வழியாக வரும் என்பன அதில் இருக்கும். அட்டவணையைச் சுட்டும் குறி, விதிக்கப்பட்ட சில இடங்களில் ஒன்றில் இருக்கும். லினக்ஸ் அவ்விடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கின்றது.

அட்டவணை கிடைத்ததும், உறங்கும் செயலிக்கு முதலில் ‘மீளத் தொடங்கு’ என்ற சைகையும், பின்னர் ‘இந்த முகவரியிலிருந்து புறப்படு’ என்ற சைகையும் அனுப்பப்படுகின்றன. அந்த முகவரி நினைவகத்தின் முதல் 1 மெகாபைட்டுக்குள் அமையவேண்டும். ஏனெனில் விழித்தெழும் செயலி, தன் ஆற்றலை மறந்து, 1978 இல் வந்த 8086 செயலியைப்போலவே 16 இருமங்களில் நடக்கத் தொடங்குகின்றது. அதனைக் கைபிடித்து 32 இருமப் பணிக்கு ஏற்றிவிடுவதற்கென ஒரு சிறு நிரற்றுண்டு அங்கே காத்திருக்கின்றது.

இவ்வளவும் ஏட்டில் அழகாயிருக்கும். ஆனால் பழைய பலகைகள் பலவற்றில் அந்த அட்டவணையே பிழையாக எழுதப்பட்டிருக்கும். அப்போது இரண்டாவது செயலி தென்படாது; அல்லது அது விழித்தபின் வன்தட்டோ வலையமைப்பு அட்டையோ ஊமையாகிவிடும். அழைப்பு ஒரு வாயிலில் வர, செயலி மற்றொரு வாயிலிற் செவிசாய்த்திருப்பதே காரணம். இதற்கு வழிகள் உண்டு. பயோஸ் அமைப்பிற் பல்செயலி விதிமுறையின் பதிப்பை 1.4 இலிருந்து 1.1 ஆகவோ, 1.1 இலிருந்து 1.4 ஆகவோ மாற்றிப் பார்க்கலாம். ‘நோஏபிக்’ என்னும் சொல்லைத் தொடக்கக் கட்டளையிற் சேர்த்தால், கருவிகளின் அழைப்புகள் யாவும் பழைய வழியாக முதற் செயலிக்கே செல்லும். இரண்டாவது கணக்கிடும் பணியைத் தொடரும். பிற்காலத்து ஏசிபிஐ அட்டவணை குழப்பினால், அதனை விலக்கிப் பழைய அட்டவணையையே படிக்கச் செய்யலாம். ஈற்றில் செயலி விவரக் கோப்பைத் திறந்து பார்க்க, 0 என்றும் 1 என்றும் இரு செயலிகள் எண்ணிடப்பட்டிருப்பின் வேலை வெற்றி.

1999 இல் தாய்வானின் அபிட் நிறுவனம் பிபி6 என்னும் பலகையை விற்பனைக்கு விட்டது. தனித்து இயங்குவதற்கென இன்டெல் மலிவாக விற்ற செலரோன் செயலிகள் இரண்டினை அதிற் பொருத்த முடிந்தது. அன்று வீடுகளிற் பரவியிருந்த விண்டோஸ் 98, இரண்டாவது செயலியை ஏறெடுத்தும் பாராது. அதே பலகையில் லினக்ஸை நிறுவியவருக்கோ இரண்டும் உழைத்தன. காசு கொடுத்து வாங்கிய பொருளின் ஒரு பாதி உறங்குவதும் உழைப்பதும் முறைமையைப் பொறுத்திருந்தது.

இக்கதைக்கு வேறொரு முடிவும் உண்டு. நினைவகத்தில் உள்ள எண்ணை ஒப்பிட்டு, எதிர்பார்த்தபடி இருந்தால் மாத்திரம் மாற்றும் கட்டளை பல்செயலி வேலைக்கு இன்றியமையாதது. அது இடையில் எவரும் குறுக்கிட முடியாத ஒரே செயலாக நடக்கவேண்டும். அக்கட்டளை 486 செயலியிலிருந்தே உண்டு. 386 இல் இல்லை. அக்குறையை ஈடுசெய்வது பூட்டுகளைத் திருத்தியோர்க்குப் பல்லாண்டுச் சுமையாயிற்று. எனவே 2013 இல் வந்த 3.8 ஆம் பதிப்பில் 386 கைவிடப்பட்டது. லினக்ஸ் பிறந்த தொட்டிலே அவ்வாறு வீட்டைவிட்டு அகன்றது.

ஆயினும் அது அழிந்துவிடவில்லை. பழைய பதிப்புகளின் மூலநிரல் இன்றும் எவரும் பெறக்கூடியவாறு காக்கப்பட்டிருக்கின்றது. பழைய பொறி வைத்திருப்பவர் அதன் வயதுக்கேற்ற பதிப்பைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: அப்பதிப்புகளின் பாதுகாப்புக் குறைகளை இப்போது எவரும் திருத்துவதில்லை, ஆகவே அத்தகைய பொறியை இணையத்தில் இணைக்காதிருப்பதே நன்று.

இருவர் சேர்ந்து உழைப்பதற்கு இரு சோடிக் கைகள் மாத்திரம் போதா. எதை எவர் எப்போது தொடலாம் என்ற உடன்பாடும் வேண்டும். அவ்வுடன்பாடு எழுதப்பட்ட ஏடு எல்லோர் கண்ணுக்கும் திறந்திருந்தமையாலேயே, அதிலிருந்த பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திருத்த ஆட்கள் கிடைத்தனர். பரணில் தூசி படிந்து கிடக்கும் பழைய பொறியில் உறங்கும் செயலியை இன்றும் ஒருவர் எழுப்ப முடிவதும் அதனாலேயே.